ஆர்வி பயணத்துக்கு நல்ல கேம்ப்கிரவுண்ட் பிடிப்பது எப்படி

அமெரிக்காவில் ஆர்வி, அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி, வாடகைக்கு எடுத்துக் கிளம்பும் குடும்பங்கள் பெரும்பாலும் ஊர்களைத்தான் முதலில் முடிவு செய்கின்றன. கிராண்ட் கேன்யன், அங்கிருந்து ஸயான், அப்படியே பிரைஸ் என்று தேசியப் பூங்காக்களை இணைத்து வரைபடத்தில் கோடு போட்டு, லீவும் சொல்லி, வண்டிக்கு முன்பணமும் கட்டியான பிறகுதான் ராத்தங்க கேம்ப்கிரவுண்ட், அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் இடம், தேடுவார்கள். கோடை விடுமுறையில் இந்த வரிசை சரிப்பட்டு வராது. எந்த இரவில் எங்கே இடம் கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் ஊர்களை முன்பின்னாக அடுக்க முடியும். எந்த இடம் உங்களுக்குப் பொருந்தும் என்பதோ வண்டியைப் பொறுத்தது. ஆகவே எந்த இணையதளத்தையும் திறப்பதற்கு முன் வண்டியின் அளவுகள் கையில் இருக்கட்டும்.

வண்டியின் அளவுகள்

நீளம், உயரம், அகலம், மின்இணைப்பின் ஆம்பியர், தொட்டிகளின் கொள்ளளவு. இந்த ஐந்தையும் வாடகைக் கம்பெனியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயணம் தொடங்கியதும் அதே தாளை ஓட்டுநரின் கண்ணில் படும்படி ஒட்டிவிடலாம்.

நீளம் என்றால் முன் பம்பரிலிருந்து பின்னால் கடைசியாக நீட்டிக்கொண்டிருப்பது வரை. 25 அடி வண்டியின் பின்னால் சைக்கிள் ரேக் மாட்டினால் அது 28 அடி வண்டி. டிரெய்லர் இழுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். சில பூங்காக்கள் டிரெய்லரின் நீளத்தை மட்டும் சொல்லும், சில இழுக்கும் வண்டியையும் சேர்த்துச் சொல்லும். யோசெமிட்டி பூங்காவின் அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டில் மோட்டார்ஹோமுக்கு, அதாவது தானே ஓடும் ஆர்விக்கு, 35 அடி வரை அனுமதி, டிரெய்லருக்கு 24 அடிதான். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பிலுள்ள மாதர் கேம்ப்கிரவுண்டில் உச்ச அளவு 30 அடி. 31 அடி வண்டியோடு போய், ஓர் அடிதானே என்று வாசலில் பேரம் பேச முடியாது. அந்தக் காலத்து மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் பாதையில் வண்டியின் வால் திரும்பாது என்பதால்தான் அந்தக் கணக்கு.

உயரத்தில் கூரைமேல் இருக்கும் ஏசியும் சேரும். வாடகைக்குக் கிடைக்கும் கிளாஸ் சி வண்டிகள், அதாவது டிரைவர் சீட்டின் தலைக்கு மேல் ஒரு படுக்கை முன்னால் துருத்திக்கொண்டிருக்குமே, அவை, 11 முதல் 12 அடி வரை இருக்கும். அகலம் ஏறக்குறைய 8 அடி, கண்ணாடிகளைச் சேர்த்தால் இன்னும் அதிகம்.

இந்த எண்கள் கேம்ப்கிரவுண்டுக்கு மட்டுமல்ல, அதற்குப் போகும் சாலைக்கும் வேண்டும். கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையில் அவலாஞ்ச்சுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடி உட்பட 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. மேற்குப் பக்கம் ஒரு இரவு, கிழக்குப் பக்கம் மறு இரவு என்று அங்கே இடம் பதிவு செய்துவிட்டால், பூங்காவையே சுற்றிக்கொண்டு தெற்கே வேறு நெடுஞ்சாலையில்தான் போக வேண்டும். ஸயானில் 1930-இல் திறந்த மலைச் சுரங்கப்பாதை இன்னொரு கண்ணி. 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டிய வண்டிகளுக்கு, எதிர்த்திசைப் போக்குவரத்தை நிறுத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் வழிவிட்டார்கள். 2026-இன் நடுவிலிருந்து பெரிய வண்டிகளுக்கு அந்த வழியே இல்லை என்று பூங்கா அறிவித்துவிட்டது. மேலே சொன்ன அளவுகளைப் பார்த்தால், வாடகைக்குக் கிடைக்கும் கிளாஸ் சி ஏறக்குறைய எல்லாமே அதில் அடிபடும்.

கூகுள் மேப்ஸுக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது. நியூயார்க் பக்கத்துப் பார்க்வே சாலைகளில் பாலங்கள் தாழ்வானவை, காருக்கென்றே போட்டவை. அது கூசாமல் அந்த வழியைக் காட்டும். பால்டிமோரில் ஐ-95 நெடுஞ்சாலை நுழையும் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்திலும், பக்கத்து ஹார்பர் சுரங்கத்திலும் ஆர்வியில் இருக்கும் புரொபேன் சிலிண்டர் அளவுக்குத் தடை உண்டு. நகரைச் சுற்றும் 695-இல் போகலாம் என்றால், அதன் கிழக்குப் பக்கத்துக் கீ பாலம் 2024 மார்ச்சில் கப்பல் மோதி இடிந்துவிட்டது. மேற்குப் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். வண்டியின் அளவுகளைக் கொடுத்தால் அதற்கேற்ற வழி சொல்லும் ஆர்வி லைஃப் போன்ற செயலிக்கு ஒரு பயணத்துக்காவது காசு கொடுப்பது வீண் செலவு ஆகாது.

மின்சாரம், தண்ணீர், கழிவு

கேம்ப்கிரவுண்டில் வண்டி நிற்கும் இடத்துக்கு சைட் என்று பேர். அந்த சைட்டில் என்னென்ன இணைப்பு இருக்கிறது என்பதுதான் விலையையும் வசதியையும் தீர்மானிக்கிறது. மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் இருந்தால் ஃபுல் ஹூக்கப். கழிவு இல்லாமல் மற்ற இரண்டும் இருந்தால் பார்ஷியல். எதுவும் இல்லாவிட்டால் டிரை கேம்பிங். தேசியப் பூங்காக்களுக்கு உள்ளே இருக்கும் கேம்ப்கிரவுண்டுகளில் பெரும்பாலானவை மூன்றாவது வகை. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஒரு சைட்டில்கூட மின்சாரம் கிடையாது. யெல்லோஸ்டோனில் பூங்காவுக்குள் ஃபுல் ஹூக்கப் வேண்டுமானால் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க் ஒன்றுதான். கரடி நடமாட்டம் காரணமாக அங்கே கூடாரம் போடவோ, துணிச்சுவர் கொண்ட பாப்-அப் டிரெய்லரை நிறுத்தவோ விடமாட்டார்கள்.

மின்சாரத்தில் 30 ஆம்ப், 50 ஆம்ப் என்று இரண்டு உண்டு. 30 ஆம்ப் பிளக்கில் மூன்று முள், 120 வோல்ட், ஆக மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப் பிளக்கில் நான்கு முள், இரண்டு தனித்தனி 120 வோல்ட் கம்பிகள், அதனால் 12,000 வாட். பெயரைப் பார்த்தால் ஒன்றரை மடங்கு போலத் தெரியும். உண்மையில் மூன்று மடங்குக்கு மேல். நடுத்தர அளவு வாடகை வண்டிகள் 30 ஆம்ப்தான்.

இப்போது மதியச் சமையல் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரை ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும். வீட்டிலிருந்து எடுத்துவந்த இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் 1,800. இரண்டும் சேர்ந்து 3,300, இதுவரை தாங்கும். அந்த நேரம் பார்த்து யாரோ குளிக்கப் போக, வெந்நீர்த் தொட்டியின் மின்கம்பி 1,440 வாட்டோடு சேர்ந்துகொண்டால் பிரேக்கர் விழுந்துவிடும். வெந்நீரை மின்சாரத்திலிருந்து புரொபேனுக்கு மாற்றிவிட்டு, வண்டியின் கேஸ் அடுப்பிலேயே சமைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியைப் பெட்டியில் வைக்க வேண்டாம். 120 வோல்ட்டில் அது முக்கும், அரைக்காது.

தண்ணீரும் கழிவும் இல்லாத சைட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது நல்ல தண்ணீர்த் தொட்டி என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் நிரம்புவது கிரே டேங்க், அதாவது குளியல், பாத்திரம் கழுவும் நீர் சேரும் தொட்டி. வாடகை வண்டிகளில் அது 30 காலன் அளவில்தான் இருக்கும். ஆர்வி ஷவர் நிமிடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு காலன் விடும். ஆளுக்கு 5 நிமிடம் என்று நான்கு பேர் குளித்தால் அன்றைக்கே தொட்டி நிரம்பி, ஷவர் தட்டில் அழுக்குத் தண்ணீர் எதிர்த்து வரும். அரிசி களைந்த நீரும், குழம்புச் சட்டி கழுவிய நீரும் அதே தொட்டிக்குத்தான். நம் சமையல் செய்கிற குடும்பம் டிரை கேம்பிங்கைத் தொடர்ந்து இரண்டு இரவோடு நிறுத்திக்கொண்டு, மூன்றாவது இரவு ஃபுல் ஹூக்கப்பில் தங்குவதுபோலத் திட்டமிடுவது நல்லது. இல்லாவிட்டால் அந்த வழியில் டம்ப் ஸ்டேஷன், அதாவது கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் இடம், எங்கே இருக்கிறது என்பதையாவது முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய டிரக் ஸ்டாப்புகள் சிலவற்றில் காசு கொடுத்துக் காலி செய்யலாம்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருக்கவும் முடியாது. யோசெமிட்டியில் காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரைதான் அதை ஓட்டலாம். இரவில் மூச்சுக்கருவி வைத்துத் தூங்கும் பெரியவர்கள் உடன் வந்தால், மின்சாரம் உள்ள சைட் மட்டும் பாருங்கள். அல்லது வண்டி பேட்டரியில் அந்தக் கருவி ஓர் இரவு ஓடுமா என்று புறப்படும் முன்பே சோதித்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் புரொபேனில் எரிந்தாலும், அதன் விசிறி பேட்டரியில்தான் சுற்றும்.

எங்கே தேடுவது

கூட்டாட்சி நிலங்கள், அதாவது தேசியப் பூங்கா, தேசிய வனம், ராணுவப் பொறியாளர் படையின் அணைக்கட்டு ஏரிகள், எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற ஒரே தளம். இவற்றில் பொறியாளர் படையின் கேம்ப்கிரவுண்டுகளைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. தென் மாநிலங்களிலும் நடுமேற்கிலும் ஏரிக்கரையில், மின்சாரத்தோடு, விசாலமான சைட்டுகள். பெயர் பெற்ற பூங்கா பக்கத்தில் இல்லை என்பது மட்டும்தான் குறை. டெக்சாஸிலிருந்தோ ஜார்ஜியாவிலிருந்தோ முதல்முறை ஆர்வி ஓட்டிப் பழகுகிறவர்கள் வார இறுதி ஒன்றை அங்கே கழிப்பதுதான் சரியான ஒத்திகை.

மாநிலப் பூங்காக்களுக்கு மாநிலத்துக்கு ஒரு தளம், ஒரு விதி. தனியார் இடங்களில் கேஓஏ பரவலானது. 1962-இல் மொன்டானாவின் பில்லிங்ஸில் தொடங்கிய சங்கிலி அது. அதிலேயே மூன்று தரம் உண்டு. ஜர்னி என்றால் நெடுஞ்சாலைப் பக்கம், ஓர் இரவு தூங்கிவிட்டுக் கிளம்ப. ஹாலிடே, ரிசார்ட் என்றால் நீச்சல்குளம், பிள்ளைகளுக்கு விளையாட்டு என்று நாள் முழுக்க இருக்க. பெயர்ப்பலகையைப் படிக்காமல் ஜர்னியில் மூன்று நாள் போட்டுவிட்டு, இரவெல்லாம் லாரிச் சத்தம் என்று குறைப்படுவதில் பயனில்லை.

பிஎல்எம் என்று சுருக்கமாகச் சொல்லும் நிலமேலாண்மைத் துறையின் பாலைவன நிலங்களில் இலவசமாகத் தங்கலாம், பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை. அங்கே குழாயும் கழிப்பறையும் இருக்காது. வாடகை ஒப்பந்தத்தில் மண்சாலையில் ஓட்டத் தடை இருக்கிறதா என்பதை முதலில் படியுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து கூட வருகிறார்கள் என்றால் ஒரு விஷயம். 62 வயது கடந்தவர்களுக்கான சீனியர் பாஸ் கூட்டாட்சி கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் பாதிக் கட்டணத்தில் தங்க வைக்கும். ஆனால் அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோர் பெயரில் எடுக்க முடியாது.

எந்த நாளில், எந்த மணிக்கு

ரெக்ரியேஷன் டாட் கவ்வில் பெரும்பாலான இடங்கள் 6 மாதம் முன்பாகத் திறக்கும். யோசெமிட்டி பள்ளத்தாக்கு மட்டும் தனி வழி. ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு, 5 மாத எல்லைக்குள் வரும் அடுத்த ஒரு மாதத் தேதிகள் மொத்தமாகத் திறக்கும். கலிபோர்னியா மாநிலப் பூங்காக்கள் 6 மாதம் முன்பு காலை 8 மணிக்கு. டெக்சாஸில் 5 மாதம். ஃபுளோரிடாவில் உள்ளூர்க்காரர்களுக்கு 11 மாதம், வெளிமாநிலத்தவருக்கு 10. ஆகவே வேறு மாநிலத்திலிருந்து போகிறவர் ஃபுளோரிடா கீஸ் கடற்கரையோர சைட்டை விடுமுறை வாரத்துக்குப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

7 மணிக்குத் திறக்கும் இடத்துக்கு 6:50-க்கே உள்நுழைந்து உட்கார வேண்டும். முந்தைய இரவே பட்டியலில் உங்கள் வண்டி நீளத்துக்குப் பொருந்தும் ஐந்தாறு சைட் எண்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 7 மணிக்கு நல்ல சைட் எது என்று படம் பார்த்துக்கொண்டிருந்தால், பார்த்து முடிப்பதற்குள் எல்லாம் போயிருக்கும். முதல் எண் கிடைக்கவில்லையா, யோசிக்காமல் அடுத்தது. வீட்டில் இரண்டு பேர் தனித்தனிக் கணக்கில் முயல்வது நல்லது. ஆனால் யார் பெயரில் பதிவாகிறதோ அவர் பயணத்தில் நேரில் இருக்க வேண்டும், அடையாள அட்டையும் கேட்பார்கள். வர முடியாத நண்பரின் கணக்கில் போட்டு வாங்கிக்கொண்டு போவது வாசலில் நிற்க வைத்துவிடும்.

7:01-க்கு எல்லாம் தீர்ந்துவிட்டாலும் கணினியை மூடிவிட வேண்டாம். கூடையில் எடுத்துப்போட்ட சைட்டைப் பணம் கட்டாமல் 15 நிமிடம் வரை பிடித்துவைக்கலாம். இரண்டு மூன்றைப் பிடித்துவைத்து ஒன்றை மட்டும் வாங்குகிறவர்கள் விட்டவை 7:15-க்கு மேல் மறுபடி தலைகாட்டும். அந்த அலையில் பிடித்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு நுணுக்கம். நாளுக்கு நாள் நகரும் 6 மாத முறையில் எல்லைக்கணக்கு, நீங்கள் வந்து இறங்கும் தேதிக்குத்தான். புதன்கிழமை வருவதாக ஒருவர் பதிவு செய்தால், அவருக்கு அந்த வார வெள்ளி, சனி இரவுகளும் சேர்ந்து கிடைத்துவிடும். நீங்கள் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று காத்திருந்தால், அந்தத் தேதி திறப்பதற்கு முன்பே சைட் அவர் கையில். கூடுமானவரை வாரத்தின் நடுவிலிருந்து தொடங்குங்கள்.

எல்லாம் தவறினாலும், பயணத்துக்கு இரண்டு வாரத்துக்குள் ரத்து செய்கிறவர்கள் கணிசம். அதே தளத்திலேயே காலியானால் தெரிவிக்கும் வசதி இருக்கிறது. ரத்துக்கு 10 டாலர் போகும். வரும் நாளுக்கு முந்தைய நாள் ரத்து செய்தால் முதல் இரவுக் கட்டணமும் போகும். அதனால் அந்தக் கெடுவுக்குச் சற்று முன்னால், அதாவது உங்கள் தேதிக்கு மூன்று, இரண்டு நாள் முன்பு, அடிக்கடி பாருங்கள்.

இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து போகிறவர்கள் ஆள்கணக்கையும் மறக்கக் கூடாது. யோசெமிட்டியில் ஒரு சைட்டுக்குக் குழந்தைகளோடு சேர்த்து 6 பேர்தான். எட்டுப் பேர் என்றால் இரண்டு சைட்.

படத்தைப் பார்த்து ஏமாறாமல்

தளத்தில் சைட் எண்ணை அழுத்தினால் வரும் விவரத்தில் அதிகபட்ச வண்டி நீளம், நுழையும் முறை, தரையின் சரிவு, நிழல் எல்லாம் இருக்கும். நுழையும் முறையில் புல்-த்ரூ என்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம், பேக்-இன் என்றால் ரிவர்ஸில் போக வேண்டும். முதல் இரவு களைப்போடு வந்து சேரும் சைட்டாவது புல்-த்ரூவாக இருக்கட்டும். பேக்-இன் சைட்டில் ரிவர்ஸ் எடுக்கப் பயந்து மூக்கை முன்னால் விட்டு நுழைகிறவர்கள் உண்டு. அப்போது மின்கம்பமும் கழிவுக்குழாய் வாயும் வலப்பக்கம் போய்விடும். ஆர்வியின் இணைப்புகள் இருப்பதோ டிரைவர் பக்கம், அமெரிக்காவில் அது இடப்பக்கம். குழாய் எட்டாது.

அடுத்து செயற்கைக்கோள் படம். கேம்ப்கிரவுண்டைச் சுற்றி ஒரு மைல் பார்வையை நகர்த்திப் பாருங்கள். தேட வேண்டியது ரயில் தண்டவாளம், அதைவிட முக்கியமாக அது சாலையைக் குறுக்கே வெட்டும் இடம். கிராசிங்கை நெருங்கும் ரயில் 15, 20 விநாடிக்கு முன்பிருந்தே இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம் என்று ஊதியாக வேண்டும் என்பது அமெரிக்க விதி. இரவு 2 மணிக்கும் அதே ஊதல்தான். தண்டவாளம் மட்டும் பக்கத்தில் இருந்தால் தடதடவென்று போய்விடும், தூக்கத்தில் தெரியாமல்கூடப் போகலாம். கிராசிங் பக்கத்தில் இருந்தால், ஆர்வியின் சுவர் வெறும் ஓரிரு அங்குலக் கனம் என்பது அன்றைக்குப் புரியும். மேற்கு மாநிலங்களில் பழைய நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் ஒன்றையொன்று ஒட்டியே போவதால், அந்த ஊர்களின் ஆர்வி பார்க்குகளில் இது சகஜம்.

அதே படத்தில் சைட்டின் நிலையும் தெரியும். கழிப்பறைக் கட்டடத்துக்கு இரண்டு மூன்று சைட் தள்ளி இருப்பது நல்லது. ஒட்டியே இருந்தால் இரவெல்லாம் விளக்கு, கதவுச் சத்தம். டம்ப் ஸ்டேஷனுக்கும் குப்பைத் தொட்டிக்கும் எதிரே வேண்டவே வேண்டாம். வளைவின் வெளிப்புற சைட்டுகளுக்குப் பின்னால் ஆளிருக்க மாட்டார்கள். உட்புறம் என்றால் நான்கு பக்கமும் அக்கம்பக்கம்.

விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், மாதத்தைப் பாருங்கள். அக்டோபரில் போனவருக்கு அமைதியாக இருந்த இடம் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி வாரத்தில் திருவிழாக் கூட்டமாக இருக்கும். உங்கள் வண்டி அளவுள்ளவர் எழுதியதைத் தேடுங்கள். குறைந்த வோல்டேஜ், தண்ணீர் அழுத்தம், குறுகிய திருப்பம், சேறு என்று இரண்டு மூன்று பேர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதுதான் அந்த இடத்தின் உண்மை. நிர்வாகி முகம் கொடுக்கவில்லை என்ற வகைப் புலம்பல்களைத் தாண்டிப் போய்விடலாம். கேம்பெண்டியம் தளத்தில் செல்போன் சிக்னல் நிலவரமும் பயணிகள் எழுதியிருப்பார்கள். பயணத்தின் நடுவே அலுவலக வேலை பார்க்கிறவர்களுக்கு அது கைகொடுக்கும். ஆர்வி பார்க்குகளை மதிப்பிடும் குட் சாம் தரும் மதிப்பெண் மூன்று எண்களாக இருக்கும். வசதி, கழிப்பறை, தோற்றம் என்பது வரிசை. நடு எண்ணை முதலில் பாருங்கள்.

தனியார் இடமென்றால் பணம் கட்டும் முன் ஒரு போன் போடுவது நல்லது. எங்கள் வண்டி இத்தனை அடி, எந்த சைட் தருவீர்கள், 30 ஆம்ப் இணைப்பு அந்தக் கம்பத்திலேயே இருக்கிறதா, மாலை 6 மணிக்கு மேல் வந்தால் யார் வழிகாட்டுவார்கள், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். இந்த நான்கு கேள்விக்கும் பட்டென்று பதில் வருகிற இடம் பெரும்பாலும் ஒழுங்காக நடக்கிற இடம்.

லாஸ் வேகஸிலிருந்து ஒரு சுற்று

ஜூன் மாதம், 25 அடி கிளாஸ் சி, பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர், ஏழு இரவு என்று வைத்துக்கொள்வோம். வாடகை வண்டி கைக்கு வரும்போது மதியமாகிவிடும். மளிகை வாங்கி, பாத்திரம் அடுக்கி முடிக்க மாலை. அன்றைக்கே ஸயான் போகலாம் என்று நினைக்க வேண்டாம். யூட்டாவில் கடிகாரம் நெவாடாவைவிட ஒரு மணி நேரம் முன்னே வேறு ஓடும். முதல் இரவு வேகஸிலிருந்து சுமார் 50 மைலிலுள்ள வேலி ஆஃப் ஃபயர் மாநிலப் பூங்கா போதும், அட்லாட்டல் ராக் கேம்ப்கிரவுண்டில் மின்சாரமும் தண்ணீரும் உள்ள சைட்டுகள் இருக்கின்றன.

அடுத்த இரண்டு இரவு ஸயானின் வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்ட். அதில் ஏ, பி வட்டங்களில் மட்டும் மின்சாரம். ஜூனில் அங்கே பகல் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும், ஏசி இல்லாமல் வண்டிக்குள் இருக்க முடியாது. ஆகவே இந்தச் சுற்றில் 6 மாதம் முன்பே முதலில் பிடிக்க வேண்டியது இந்த இரண்டு இரவுதான். மற்றவற்றின் தேதியை இதை வைத்து நகர்த்திக்கொள்ளலாம்.

அங்கிருந்து பிரைஸுக்கு நேர்வழி அந்தச் சுரங்கப்பாதை. அது இல்லாததால் மேற்கே ஐ-15 ஏறி வடக்கே போய், 20-ஆம் எண் மாநிலச் சாலை வழியாக 89-ஐப் பிடியுங்கள். ஒரு மணி நேரம்போலக் கூடும். இடையில் 14-ஆம் எண் குறுக்குவழியாகத் தெரியும், ஏற்றமும் வளைவும் அதிகம், விட்டுவிடுங்கள். பிரைஸில் ஓர் இரவு. பூங்காவுக்குள் இணைப்பு இல்லாத சைட்டுகள்தான், ஆனால் சுமார் 8,000 அடி உயரம் என்பதால் ஏசி தேவைப்படாது. ஜூனிலும் இரவு 40 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இறங்கும், போர்வை எடுத்துவையுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது, குக்கர் வேண்டும். கீழிருந்து கொண்டுவந்த தோசை மாவு டப்பாவில் பாதி காலியாக இருக்கட்டும். இல்லையேல் மூடியைத் தள்ளிக்கொண்டு ஃபிரிட்ஜுக்குள் வழிந்துவிடும்.

ஐந்தாவது இரவு பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் பாவெல் ஏரிக்கரை வாவீப் கேம்ப்கிரவுண்டில் ஃபுல் ஹூக்கப். தொட்டிகளைக் காலி செய்து, துணி துவைத்துக்கொள்ள ஏற்ற இடம். ஆறும் ஏழும் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு. மாதரில் மரநிழல் அழகு, இணைப்பு இல்லை. பக்கத்திலேயே டிரெய்லர் வில்லேஜில் ஃபுல் ஹூக்கப், புல்-த்ரூ, 50 அடி வரை, ஆனால் சைட்டுகள் நெருக்கமாக வரிசையில். எட்டாம் நாள் வண்டியைத் திருப்பித் தரும்போது தொட்டிகள் காலியாக இல்லாவிட்டால் வாடகைக் கம்பெனி தனியாகக் கட்டணம் போடும் என்பதால், இந்தச் சுற்றில் கடைசி இரவு டிரெய்லர் வில்லேஜ்தான் சரி.

வந்து சேர்ந்ததும்

பணம் கட்டிய சைட் என்பதற்காக உடனே எல்லாவற்றையும் மாட்டிவிடாதீர்கள். கம்பத்தின் பிரேக்கரை அணைத்துவிட்டு, சர்ஜ் புரொடெக்டரை மட்டும் முதலில் சொருகி, பிறகு பிரேக்கரைப் போடுங்கள். கம்பி தவறாக இணைந்திருந்தாலோ நியூட்ரல் விட்டிருந்தாலோ அது காட்டிக்கொடுக்கும். கடும் வெயிலில் எல்லா வண்டியும் ஏசி போடும் மாலையில் வோல்டேஜ் 104-க்குக் கீழே போனால் ஏசியை நிறுத்திவிடுங்கள். கம்ப்ரசர் சூடாகிக் கெடும். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரை வண்டிப் பக்கம் மாட்டாமல் குழாய்ப் பக்கம் மாட்டுங்கள், ஹோஸும் பிழைக்கும். கம்பத்தில் கோளாறு தெரிந்தால், வண்டியைச் சமன் செய்து கூடாரத்துணி விரிப்பதற்கு முன்பே அலுவலகத்தில் சொல்லி வேறு சைட் கேட்பது எளிது.

ஃபுல் ஹூக்கப்தானே என்று கழிப்பறைத் தொட்டியான பிளாக் டேங்கின் வால்வைத் திறந்தே வைப்பது பெரும்பாலான புதியவர்கள் செய்யும் தவறு. நீர் மட்டும் வழிந்தோடிவிட்டு, கெட்டியானவை தொட்டியின் நடுவில் கோபுரமாகக் குவிந்து இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும் வரை மூடிவைத்து, பிறகு ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். அது முடிந்த பின் கிரே டேங்கைத் திறந்தால் சோப்பு நீர் ஹோஸைக் கழுவிவிட்டுப் போகும்.

இவ்வளவும் செய்தும் ஓர் இரவு இடம் இல்லாமல் போனால், வால்மார்ட் வாகன நிறுத்தத்தில் தங்கலாம் என்பது எல்லா ஊரிலும் உண்மையல்ல. கடை மேலாளரிடம் போனில் கேட்டுக்கொண்டு போக வேண்டும், ஊர்ச் சட்டமே தடுக்கும் இடங்களும் உண்டு. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிபோர்னியாவில் 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் நிற்கலாம். எங்கே நின்றாலும் நாற்காலி, ஸ்லைடு எனப்படும் வெளியே நீளும் அறைப்பகுதி, கூடாரத்துணி எதையும் வெளியே எடுக்காமல், லாரிகளுக்கான வரிசையைவிட்டு ஓரமாக நிறுத்தித் தூங்கிவிட்டு விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.